அத்தை கொண்டுவந்த வாசர்

கல்யாணமாகி ஓசூருக்கு வந்த புதிதில் முத்துமணிக்கு இந்த ஊர்க் குளிர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அருப்புக்கோட்டைப் பக்கத்து வெயிலில் வளர்ந்த உடம்பு. மார்கழியில் போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே நீட்ட யோசிப்பாள். புருஷன் கௌதம் சிப்காட்டில் ஒரு மெஷின் ஷாப்பில் ஆபரேட்டராக இருந்தான். மூக்கண்டப்பள்ளியில் ஒரு மாடியில் வரிசையாகக் கட்டியிருந்த வீடுகளில் கடைசி வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குடிவைத்தான். சும்மா இருப்பானேன் என்று அவளும் வேலைக்குப் போனாள். வண்டிகளுக்கான ரப்பர் வளையங்கள் செய்யும் கம்பெனி. டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு வளையமாக லென்ஸில் பார்க்க வேண்டும். வெட்டோ பிசிறோ இருந்தால் சிவப்புத் தொட்டி, இல்லாவிட்டால் பச்சைத் தொட்டி. அந்த வளையம் எந்த வண்டியில் எந்த இடத்துக்குள் போய் உட்காருகிறது என்று அவளுக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

வயிற்றில் தங்கியது ஒன்றே ஒன்று. அதுவும் ஐந்தாம் மாதம் கலைந்துபோனது. அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் மாமியார் காளியம்மாள் ஊரிலிருந்து ஒரு ஒயர்கூடையும் ஒரு துணிப்பையுமாக வந்து இறங்கினாள். மருமகளுக்கு உடம்பு தேறியது. ஆனால் மாமியார் திரும்பிப் போகவில்லை. ஊரில் அவளுக்காகக் காத்திருக்க ஒரு ஆடுகூடக் கிடையாது.

அதற்குள் கௌதமுக்குப் பொம்மசந்திராவில் வேறு வேலை கிடைத்திருந்தது. கர்நாடக எல்லையைத் தாண்டி தினமும் போய் வந்தவன், ஓவர்டைம் என்று அங்கேயே தங்க ஆரம்பித்தான். வாரத்துக்கு ஒரு நாள் வந்தான். பிறகு பண்டிகைக்கு வந்தான். பிறகு கூப்பிட்டால் போன் எடுப்பதோடு சரி. முத்துமணி வாயைத் திறக்கவில்லை. காளியம்மாள்தான் ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, அவனுடைய பழைய கூட்டாளியிடம் விலாசம் கேட்டு, சந்தாபுரத்தில் அவன் இருந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். சாயங்காலம் திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"வேப்பனப்பள்ளிக்காரியாம். சுஜாதானு பேரு. கழுத்துல தாலி கெடக்கு முத்து."

முத்துமணி அடுப்பில் இருந்த பாலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பால் பொங்கி வழிந்தது. அணைக்கத் தோன்றவில்லை. காளியம்மாள் எழுந்துவந்து அணைத்தாள். துணியை எடுத்து அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு இனி மகன்னு ஒருத்தன் கெடையாது. நீயா வெரட்டுற வரைக்கும் நான் இங்கதான் கெடப்பேன். வெரட்டிறாத ஆத்தா."

அன்று அழுதது மாமியார்தான். முத்துமணிக்கு அழுகை வரவில்லை. போனவன் போனான், இவள் இருக்கிறாளே என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தாள். அந்த நினைப்பே அவளைக் காப்பாற்றியது. வேலைக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை அத்தை கட்டிக் கொடுத்தாள். புளிக்குழம்பு ஊர் ருசியிலேயே இருந்தது.

அந்த வருஷம்தான் அடுப்படிக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. முதலில் சொட்டாக இருந்தது, பிறகு நூலாக இறங்கியது. காளியம்மாள் குழாயை மூடுவதென்றால் கோழிக் கழுத்தைத் திருகுகிற மாதிரிதான் மூடுவாள். இறுக்க இறுக்க அது இன்னும் அதிகமாக ஒழுகியது. வீட்டுக்காரர் சம்சாரம் மாரம்மா கீழேயிருந்து கத்தினாள்.

"ஏம்மா, டேங்க் ரொப்பி ரொப்பி மோட்டாரே போயிடும்போல! உங்க வூட்டுப் பைப்ப நீங்கதான் பாக்கணும், நான் ஆளு வுடமாட்டேன்."

இரண்டு பிளம்பர்களுக்குப் போன் போட்டார்கள். ஒருவர் அபார்ட்மென்ட் வேலையில் இருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் சொட்டுகிற குழாய்க்கெல்லாம் வருவதில்லை என்று வைத்துவிட்டார். கடைசியில் முத்துமணி மெயின் ரோட்டில் ஆஞ்சப்பனுடைய ஹார்டுவேர்ஸ் கடைக்குப் போய், "பைப்பு ஒழுகுது, ரப்பர் குடுங்க" என்றாள்.

"மூக்குல சொட்டுதா, கைப்பிடிகிட்ட கசியுதா?" என்று கேட்டார் அவர்.

"மூக்குலதான்."

"அப்டின்னா அடியில இருக்கிற தட்டை வாசர். மேல கசிஞ்சாத்தான் தண்டுல மாட்டியிருக்கிற ஓ-ரிங்கு. பழசைக் கழட்டி எடுத்துட்டு வா. அளவு பாக்காம குடுத்தா நாளைக்கி நீயே வந்து என்னைத் திட்டுவ."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் இறங்கினார்கள். மொட்டைமாடிக்குப் போய் டேங்கிலிருந்து தங்கள் வீட்டுக்கு வரும் வால்வை மூடினாள் முத்துமணி. அத்தை கீழே குழாயைத் திறந்துவிட்டு, மிச்சத் தண்ணீர் முழுதும் வடிந்துபோனதும் "நின்னுருச்சு!" என்று படிக்கட்டுவரை வந்து கூவினாள். முத்துமணி இறங்கி வந்து, மாரம்மாவிடம் இரவல் வாங்கிய ஸ்பேனரை, குழாயின் பளபளப்பு போய்விடாமல் துணி சுற்றிப் போட்டுத் திருகினாள். அசையவில்லை. இந்த ஊர் போர் தண்ணீரின் உப்பு சுண்ணாம்பாகப் பூத்து மரையைக் கவ்விப் பிடித்திருந்தது. காளியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மருமகளின் கைமேல் தன் கையையும் வைத்தாள். இருவரும் சேர்ந்து ஒரே அழுத்து. 'டக்'கென்று விட்டது.

உள்ளே தண்டின் அடியில், ஒரு சின்ன நட்டுக்குக் கீழே இருந்தது அந்த ரப்பர் வில்லை. முத்துமணி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கம்பெனியில் பிடிக்கிற அதே பிடி. கல் மாதிரி இறுகிப்போய், நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. விரலால் அழுத்தினாள். அமுங்கவில்லை.

"செட் ஆயிருச்சு அத்தை" என்றாள்.

"அப்டின்னா?"

"நல்ல ரப்பர அமுக்கிட்டு விட்டா பழையபடி எந்திரிச்சிரும். அப்டி எந்திரிக்கிறதாலதான் இடுக்கில்லாம தண்ணிய அடைச்சு நிக்கிது. ரொம்ப நாளு அமுங்கியே கெடந்தா எந்திரிக்காது. எங்க கம்பெனில சோதிச்சுப் பாப்பாங்க. நீங்க அந்தத் திருகு திருகுனீங்கல்ல, அதுலதான் இந்தப் பள்ளம்."

"ஆமா, எல்லாத்துக்கும் நாந்தான் காரணம்" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு நிமிஷம் கழித்து இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

பழசைக் காட்டிப் புது வாசர் வாங்கிவந்தாள். வாசர் உட்காருகிற பித்தளை விளிம்பில் படிந்திருந்த உப்பை எலுமிச்சம்பழம் தேய்த்துப் பழைய டூத் பிரஷ்ஷால் கழுவினாள். சுலபமாக ஏறட்டும் என்று காளியம்மாள் நல்லெண்ணெயைத் தொட்டுக்கொண்டு வந்தாள். "எண்ணெய் பட்டா இந்த ரப்பர் ஊதிப்போகும் அத்தை, வெறும் தண்ணி போதும்" என்று தடுத்தாள் முத்துமணி. மாட்டி முடித்து வால்வைத் திறந்து, குழாயையும் திறந்து மூடினார்கள். நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்த அடுப்படி சத்தமில்லாமல் நின்றது.

"ரெண்டு வெரலால மூடுங்க. அதுக்கு மேல வேண்டாம்" என்றாள்.

காளியம்மாள் இரண்டு விரலால் மூடிப்பார்த்தாள். பிறகு திறந்தாள். மறுபடி மூடினாள். பூட்டைத் திறக்கத் தெரிந்துகொண்ட குழந்தை மாதிரி அன்று முழுக்க அதையே செய்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த வரிசையில் எந்த வீட்டில் என்ன ஒழுகினாலும் இவர்களைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு வீட்டில் பிளஷ் டேங்க், இன்னொரு வீட்டில் கை கழுவும் தொட்டிக்கு அடியில் பைப்பு சேருகிற இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகள் ஸ்பேனரோடு முன்னால் போவாள். மாமியார் ஒரு கிண்ணத்தில் எலுமிச்சம்பழமும் பிரஷ்ஷுமாகப் பின்னால் போவாள். போன வீட்டில் காப்பி கொடுப்பார்கள். "எம் மருமக" என்று ஆரம்பித்தால் காளியம்மாள் நிறுத்த மாட்டாள். அவளுடைய மகனைப் பற்றிக் கேட்பவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். முத்துமணி அப்போதுதான் கொஞ்சம் சதை போட்டாள். தன் வாழ்க்கை இப்படியே போய்விடும், அது ஒன்றும் மோசமில்லை என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்திருந்தது.

ஒரு நாள் காலையில் கௌதம் வந்தான். முத்துமணி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றவனை உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவனாகவே வந்து சுவரோரம் உட்கார்ந்தான். முன்நெற்றியில் முடி கொட்டியிருந்தது.

"அம்மா, பொம்பளப் புள்ள பொறந்திருக்கு."

காளியம்மாள் அவன் பக்கம் திரும்பாமல் அரிசி புடைத்தாள்.

"சுஜாதா வீட்டுல யாரும் எட்டிப் பாக்கல. ஆப்பரேசன் பண்ணித்தான் எடுத்தாக. எந்திரிக்க முடியாமக் கெடக்கா. புள்ளையக் குளிப்பாட்டக்கூட ஆளில்லம்மா."

"அதுக்கு?"

"கோவத்த எங்கிட்டக் காட்டு. புள்ள என்ன செஞ்சிச்சு?"

போனில் பிள்ளையின் படத்தை எடுத்து நீட்டினான். அவள் பார்க்கவில்லை. முறத்தின் ஓரத்தில் போனை வைத்துவிட்டு அவன் தண்ணீர் குடிக்கப் போனான். அப்போது பார்த்தாள். முத்துமணி தலை வாரிக்கொண்டே கண்ணாடியில் அதைக் கவனித்தாள். அத்தையின் கை புடைப்பதை நிறுத்தியது. முறம் மடியில் சாய்ந்து அரிசி சேலை மேல் கொட்டியது. அவளுக்குத் தெரியவில்லை.

கௌதம் போய்விட்டான். அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு குறைந்துபோனது. குழம்பில் உப்பு கூடியது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே காளியம்மாள் சொன்னாள்:

"ஒரு எட்டு பாத்துட்டு மட்டும் வந்துர்றேன் முத்து. நீ வேண்டாம்னா போகல."

வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஒரு வார்த்தை. முத்துமணிக்கு அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. கலைந்துபோன தன் பிள்ளைக்காக இந்த அத்தை மஞ்சள் துணியில் காசு முடிந்து ஊர்ச் சாமிக்கு நேர்ந்துகொண்டதும், பிறகு யாருக்கும் தெரியாமல் அதை அவிழ்த்து வைத்ததும் ஞாபகம் வந்தது. பேரப் பிள்ளை முகம் பார்க்காதே என்று எந்த வாயால் சொல்வது?

"போயிட்டு வாங்க அத்தை. மாத்துச் சேல எடுத்துக்குங்க" என்றாள்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கூடவே போய், உட்கார இடம் பிடித்துக் கொடுத்து, சந்தாபுரத்தில் இறக்கிவிடும்படி கண்டக்டரிடமும் சொல்லிவிட்டுத்தான் திரும்பினாள்.

இரண்டு நாளில் வருவதாகச் சொன்னவள் தையல் பிரிக்கட்டும் என்றாள். பிறகு புண்ணில் சீழ் என்றாள். பிறகு பிள்ளைக்குச் சளி. போனில் அவள் பேசும்போது பின்னாலிருந்து அழுகுரல் கேட்கும். "இரு இரு இந்தா வாரேன்" என்பாள். அது தன்னிடம் சொன்னது இல்லை என்று புரிந்துகொள்ள முத்துமணிக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் பிடித்தது. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் காலையில் போட்டுவிட்டுப் போன இடத்திலேயே எல்லாம் கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கேன்டீனில் டோக்கன் வாங்க ஆரம்பித்தாள்.

மழைக்காலம் ஆரம்பிக்கும்போது அத்தையே போன் செய்தாள். இங்கே குளிர்கிறது, பெட்டியில் இருக்கிற ஸ்வெட்டரும் மிச்சச் சேலைகளும் வேண்டும், அத்திப்பள்ளிவரை கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். முத்துமணி எல்லாவற்றையும் மடித்து அதே ஒயர்கூடையில் வைத்தாள். ஜூஜூவாடி தாண்டி, செக்போஸ்ட் தாண்டி அத்திப்பள்ளியில் இறங்கியபோது நிழற்குடைக்குக் கீழே காளியம்மாள் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். கிட்டே வந்ததும் பேபி பவுடர் வாசனையும் புளித்த பால் வாசனையும் சேர்ந்து அடித்தது.

"எளச்சுட்டியே முத்து" என்று அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"நீங்களுந்தான்."

"இங்க வர எனக்கு டிக்கெட்டு கெடையாது தெரியுமா? ஆதார்ல அட்ரஸ அவென் இங்குட்டு மாத்திட்டான். கர்நாடகா அட்ரஸ் இருந்தா பொம்பளைகளுக்கு பஸ்ஸு ஃப்ரீ." சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "மருந்து மாத்திரை வாங்கவும் அது வேணும்னான்" என்று முடித்தாள்.

முத்துமணி கூடையைக் கொடுத்தாள். அத்தை உடனே கிளம்பவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். கறுப்பாக, பள்ளம் விழுந்த ஒரு ரப்பர் வில்லை.

"அங்க பாத்ரூம்ல பைப்பு ஒழுகிக்கிட்டே கெடக்கு. தரையெல்லாம் ஈரம். புள்ளையத் தூக்கிக்கிட்டு அவ வழுக்கி விழுந்தான்னா... அவென்ட்ட சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. நாந்தான் மேல வால்வ மூடிட்டுக் கழட்டுனேன். கடக்காரன் கன்னடத்துல என்னமோ கேக்குறான், எனக்கு வெளங்கல. நீ பாத்தாச் சொல்லிருவ."

முத்துமணி அதைக் கையில் வாங்கினாள். எத்தனையோ ஆயிரம் வளையங்களைத் தொட்ட கை. அந்த வீட்டை அவள் பார்த்ததே இல்லை. இப்போது அதன் குளியலறை அப்படியே கண்முன்னால் வந்தது. ஈரத் தரையும் வாளியும், கொடியில் காயும் சின்னச் சின்னத் துணிகளும், கௌதமின் சட்டையும். தூக்கி ரோட்டில் எறிந்துவிடலாமா என்று இருந்தது. எறியவில்லை. அது கல்லாக இறுகியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். பழக்கம்.

"அரை இஞ்சு பைப்புதான். வாங்க" என்றாள்.

ரோட்டைத் தாண்டி ஒரு ஹார்டுவேர்ஸ் கடைக்குப் போனார்கள். பழசைக் காட்டி ஒன்று கேட்டாள். கடைக்காரர் எடுத்து வைத்தார். அதையும் வளைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கப் போனபோது பக்கத்தில் நின்ற காளியம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"ரெண்டா வாங்கிருவமா? அடிக்கடி இவ்வளவு தூரம் வர முடியாதுல்ல."

அதைக் கேட்டதும்தான் முத்துமணிக்குத் தெரிந்தது. ஸ்வெட்டர் கேட்டபோது தெரியவில்லை. ஆதாரைச் சொன்னபோதும் மனம் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டது. இப்போது வாங்குகிற வாசர் தேய்ந்து, இறுகி, பள்ளம் விழுந்து, மறுபடி ஒழுகுகிற காலம்வரைக்கும் அத்தை அங்கேதான் இருக்கப்போகிறாள்.

"ரெண்டு குடுங்க" என்றாள் கடைக்காரரிடம்.

வெளியே வந்து நின்றார்கள். "உப்பச் சொரண்டிட்டுப் போடுங்க. எண்ணெய் வைக்காதீங்க" என்றாள்.

"அதெல்லாம் ஞாபகம் இருக்கு."

"அவகிட்டச் சொல்லுங்க, ரெண்டு வெரலால மூடச் சொல்லி."

காளியம்மாளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ரோட்டிலேயே அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நாஞ் சொன்னது பொய்யாப் போச்சு முத்து. நீ வெரட்டவே இல்ல, நானாப் போயிட்டேன். அந்தப் புள்ள எம் மூஞ்சியப் பாத்துச் சிரிக்குது, நான் என்ன செய்வேன்?"

முத்துமணி அவளைத் தேற்றினாள். முதுகைத் தடவிக்கொடுத்தாள். சந்தாபுரம் போகும் பஸ் வந்ததும் கூடையை ஏற்றிவிட்டாள். திரும்பி வரும்போது ஓசூர் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு விவாகரத்துப் பேச்சு வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வரிசை வீடுகளில் குழாய் ஒழுகினால் இப்போதும் கூப்பிடுகிறார்கள், போய்ச் சரிசெய்கிறாள். காப்பி வேண்டாம் என்றுவிடுகிறாள்.

போன ஆடியில் காளியம்மாள் வந்தாள், பேத்தியையும் கூட்டிக்கொண்டு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றாள். உள்ளே வந்து, தான் அத்தனை நாள் படுத்து எழுந்த அறையில் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டும் என்றபோது, "ஒரு டம்ளர் எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள்.

"என்ன அத்தை இது, எடுத்துக்குங்க" என்றாள் முத்துமணி. ஆனால் அத்தை எடுக்கவில்லை. இவள்தான் மொண்டு கொடுத்தாள்.

பிள்ளை நடக்கப் பழகியிருந்தது. கௌதமின் நெற்றி. கண் மட்டும் வேறு யாருடையதோ. தத்தித் தத்தி வந்து முத்துமணியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. காளியம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது.

"தூக்கச் சொல்லு. பெரியம்மா, தூக்குங்கனு சொல்லு. பெரியம்மா."

பிள்ளை வாயைக் கூட்டி, "பெ..." என்றது.

முத்துமணி குனிந்து அந்தச் சின்னக் கையை முழங்காலிலிருந்து மெல்ல எடுத்தாள். "ஆன்ட்டினு சொல்லச் சொல்லுங்க அத்தை. அது போதும்" என்றாள்.

சொன்ன பிறகு அத்தையின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. காளியம்மாள் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஆன்ட்டி சொல்லு கண்ணு" என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைக்கு அது சுலபமாக வந்தது. சாப்பாடு முடிகிறவரை வீட்டுக்குள் சுற்றிச்சுற்றி வந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

பஸ் ஏற்றிவிடப் போனாள். ஜன்னலோரம் அத்தையின் மடியில் உட்கார்ந்து பிள்ளை கம்பி வழியாகக் கையை நீட்டியது. முத்துமணி அந்த விரல்களைப் பிடித்தாள். வண்டி நகரும்வரை விடவில்லை. பஸ் கூட்டத்துக்குள் திரும்பி மறைந்த பிறகும் பூ விற்கிறவர்களுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றாள். பால் பொங்கி வழிந்த நாளிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, போகிறவர்கள் விலகிப் போக, அவள் அந்த பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதாள்.